தாள், மை, பேனா, மேசை: சென்னை வீட்டில் எழுதும் இடம் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது பழகிப்போன பிறகு, நல்ல மேசை ஒன்று போட வேண்டும், அதன்மேல் பிடித்த பேனாவும் நோட்டும் இருக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு வந்துவிட்டது. வந்த வேகத்தில் முதலில் மேசையை வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் மேசைக்குப் பொருத்தமான விளக்கு, விளக்குக்குப் பொருத்தமான பேனா ஸ்டாண்டு. எழுதும் தாளைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் கையில் காசு இருக்காது. இங்கே சொல்லப்போகும் வரிசை நேர் தலைகீழானது: முதலில் தாள், பிறகு மை, அதற்கேற்ற பேனா, கடைசியில்தான் மேசையும் அறையும்.

காரணம் எளிது. பேனா நன்றாக எழுதவில்லை என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு பேனாவில் இல்லை, தாளில் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. மை பேனா பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி ஜெர்மனியிலோ ஜப்பானிலோ அமெரிக்காவிலோ உட்கார்ந்து எழுதுபவர்கள் சொன்னது. அவர்கள் எழுதுவது வேறு எழுத்து. அவர்கள் தலைக்கு மேல் ஐந்தாம் எண்ணில் ஃபேன் ஓடுவதில்லை. நாம் எழுதுவது தமிழ், எழுதும் ஊர் சென்னை. இந்த இரண்டையும் வைத்துத்தான் ஒவ்வொரு பொருளையும் தேர்வு செய்ய வேண்டும்.

முதல் படி: தாள்

தாள் வாங்கும்போது எல்லோரும் ஜி.எஸ்.எம். கேட்கிறார்கள். அது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பது மட்டுமே. எடை கூடினால் மை ஊறாது என்று அர்த்தமில்லை. தாள் தயாரிக்கும்போது வேட்டிக்குக் கஞ்சி போடுவது போல அதற்கும் ஒரு பூச்சு கொடுக்கிறார்கள், பல ஆலைகளில் ஸ்டார்ச்சையே பூசுகிறார்கள். அந்தப் பூச்சு சரியாக இருந்தால் 70 ஜி.எஸ்.எம். தாளிலும் மை மேலேயே நின்று காயும். பூச்சு சரியில்லை என்றால் 100 ஜி.எஸ்.எம். தாளிலும் எழுத்தின் ஓரம் பிசிறும், பின்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. கரூர் மாவட்டம் புகளூரில் ஆலை வைத்திருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், அதாவது டி.என்.பி.எல்., 1979-ல் தொடங்கப்பட்டது. அதன் முக்கிய மூலப்பொருள் கரும்புச் சக்கை. கரும்புச் சக்கைத் தாளுக்கு மை பேனாக்காரர்களிடம் வெளிநாட்டிலும் நல்ல பெயர் இருக்கிறது. நமக்கோ அது தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் சாதாரணத் தாள். விலை உயர்ந்த ஜப்பானிய நோட்டைத் தேடுவதற்கு முன்னால் இதில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எல்லா ரீமும் ஒரே மாதிரி இருக்காது என்பதால், மொத்தமாக வாங்காமல் ஒரு ரீம் வாங்கிச் சோதிப்பது நல்லது.

சோதனை இப்படி. உங்கள் பேனாவால் பிள்ளையார் சுழி போட்டு, கீழே ஒரு வரி எழுதுங்கள். அதற்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, கோடுகள் வெட்டும் இடத்தில் மை எப்படித் தேங்குகிறது என்று பாருங்கள். ஒரு இடத்தில் நிப்பை மூன்று விநாடி அழுத்தாமல் வைத்திருங்கள். அரை நிமிடம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நிழல் மட்டும் தெரிந்தால் பரவாயில்லை. மையே தெரிந்தால் அந்தத் தாளைப் பால்பாயிண்ட் பேனாவுக்கு ஒதுக்கிவிடலாம். இந்தச் சோதனையை நவம்பரில் ஒருமுறை மறுபடியும் செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் திறந்து வைத்த தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஏப்ரலில் ஒழுங்காக இருந்த அதே ரீம் அப்போது பிசிறும். அதனால் ரீமின் உறையை முழுசாகக் கிழிக்காமல், ஒரு ஓரத்தை மட்டும் திறந்து தேவையான தாளை உருவிக்கொண்டு மீண்டும் மடித்து வையுங்கள்.

நோட்டுப் புத்தகமாகத்தான் வேண்டும் என்றால், நான் சொல்வது கடை நோட்டு அல்ல. பாரிமுனை ஆண்டர்சன் தெரு சென்னையின் காகிதச் சந்தை. கல்யாணப் பத்திரிகைக்காகப் போயிருப்பீர்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் தாள் வாங்கி, வெட்டி, தைத்து, காலிகோ அட்டை போட்டு பைண்டிங் செய்துகொள்ளலாம். ஒரு ரீமில் 500 ஏ4 தாள். இரண்டாக வெட்டினால் 1,000 ஏ5 தாள். கைக்கு அடக்கமான நோட்டுகள் பல கிடைக்கும், கோடு வேண்டுமா வெறுந்தாளா என்பதும் உங்கள் விருப்பம். பைண்டரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: நூல் தையல் வேண்டும், நோட்டைத் திறந்தால் தட்டையாகப் படுக்க வேண்டும். வெறும் பசை ஒட்டி முடித்த நோட்டு சென்னை வெயிலில் முதுகு விட்டுப்போகும்.

இரண்டாம் படி: மை

முதலில் எது கூடாது என்று தெரிந்துகொள்வோம். ஓவியக் கடையில் விற்கும் இந்தியன் இங்க், ஸ்டாம்ப் பேட் மை, டிராயிங் மை இவை மூன்றும் மை பேனாவுக்குள் போகக் கூடாது. இந்தியன் இங்க்கில் கரித்தூளும் பெரும்பாலும் அரக்கும் இருக்கும். உள்ளே காய்ந்துவிட்டால் பேனாவின் கதை முடிந்தது.

தொடங்குவதற்கு கேம்லின் ராயல் ப்ளூ போதும். மலிவு, எங்கும் கிடைக்கும், பேனாவைக் கெடுக்காது, சட்டையில் பட்டாலும் துவைத்தால் போய்விடும். ஆனால் துவைத்தால் போகும் மை, மழையில் நனைந்தாலும் போகும். ஆட்டோவில் சாரல் அடித்த கோப்பில் கையெழுத்து மட்டும் கரைந்துபோகும். பத்திரம், விண்ணப்பம், காசோலை போன்றவற்றுக்கு நீரில் கரையாத மை உள்ள பேனா ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு கலந்த பழைய வகை மையும் உண்டு. எழுதும்போது வெளிறித் தெரிந்து, காற்றுப் பட்டுக் கறுத்து, தாளோடு ஒட்டிக்கொள்ளும். நீண்ட நாள் நிற்க வேண்டிய எழுத்துக்கு அது அருமையானது, ஆனால் பேனாவில் வாரக்கணக்கில் போட்டு மறந்துவிடக் கூடாது.

கொல்கத்தாவின் சுலேகா, சுதேசி இயக்கக் காலத்தில் பிறந்த மை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்ப வந்திருக்கிறது. நிறங்களில் ஆசை உள்ளவர்கள் பார்க்கலாம். பச்சை மை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் ஊரில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டால் கெசட்டட் அதிகாரியா என்று கேட்பார்கள். குறிப்பெழுத மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையின் வெப்பமும் ஈரமும் பூஞ்சைக்கு மிகவும் பிடித்தமானவை. மைக்குப்பிக்குள்ளும் அது வளரும். எழுதிக்கொண்டிருந்த நிப்பை நேராகக் குப்பிக்குள் விடாமல், வேண்டிய மையை ஃபில்லரிலோ சிரிஞ்சிலோ எடுங்கள். மிஞ்சியதை மறுபடி குப்பியில் ஊற்றாதீர்கள். குப்பியைத் திறக்கும்போது வித்தியாசமான வாடை அடித்தாலோ, மேலே ஆடை மாதிரி ஏதாவது படர்ந்திருந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

மூன்றாம் படி: பேனா, அதாவது நிப்பு

இங்கேதான் தமிழ் எழுதுபவர் தனியாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தைக் கூட்டெழுத்தில் எழுதும்போது, ஒரு சொல் முடியும்வரை நிப்பு தாளை விட்டு அவ்வளவாக எழும்பாது. தமிழில் எழுத்துக்கு எழுத்து எடுத்து வைக்கிறோம். நடுவில் புள்ளி வேறு. ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் நிப்பு நூற்றுக்கணக்கான தடவை தாளைத் தொட்டு எழும்புகிறது. ஒவ்வொரு தடவையும் தொட்ட கணத்தில் மை வர வேண்டும். தொடக்கத்தில் ஒரு மயிரிழை தயங்கும் பேனா, ஆங்கிலம் எழுதுபவருக்குப் பெரிய தொல்லையாகத் தெரியாது. தமிழில் அது ஒவ்வொரு புள்ளியையும் முழுங்கிவிடும். மாறாக, மை அதிகமாகக் கொட்டும் நிப்பு புள்ளியைப் பொட்டாக்கிவிடும்.

அடுத்தது சுழி. ஞ, ண, ணை, இ, ஐ இவற்றில் உள்ளே வெள்ளை தெரிய வேண்டிய இடம் மிகச் சிறியது. நிப்பு போடும் கோட்டின் தடிமனை ஃபைன் (மெல்லியது), மீடியம் (நடுத்தரம்) என்று பிரிப்பார்கள். ஐரோப்பிய மீடியம் நிப்பில் நீங்கள் சாதாரண அளவில் எழுதினால் அந்த இடம் அடைந்துவிடும். ஐரோப்பிய ஃபைன், அல்லது ஜப்பானிய ஃபைன் அல்லது மீடியம் நமக்குச் சரி. ஜப்பானிய நிப்புகள் பொதுவாக ஐரோப்பிய நிப்புகளைவிட ஏறக்குறைய ஒரு படி மெல்லியவை, அதனால் பெட்டியில் போட்டிருக்கும் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். கடையில் 'ஞாயிற்றுக்கிழமை மாலை இஞ்சி மிட்டாய்' என்று எழுதிப் பாருங்கள். ஞ-வின் சுழி, ற்று-வின் நெளிவு, புள்ளி எல்லாம் அதில் வந்துவிடும். பெரிதாக எழுதும் பழக்கம் உள்ளவர்கள் முனை தட்டையாக வெட்டிய நிப்பையும் ஒருமுறை முயலலாம். கொம்பும் காலும் தடித்தும் மெலிந்தும் வரும்போது தமிழ் அழகாகவே இருக்கிறது, ஆனால் தினசரி வேலைக்கு அது வேகம் தராது.

இனி ஃபேன். மூடியைத் திறந்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தால் சில நிமிடங்களில் நிப்பு காய்ந்துவிடும். இதற்கு நல்ல தீர்வு பழைய தீர்வுதான்: நிப்பு முழுவதும் மறைந்து நுனி மட்டும் வெளியே தெரியும் பேனா. 1941-ல் வந்த பார்க்கர் 51 அந்த வடிவத்தைப் பிரபலமாக்கியது. அதைப் பார்த்துச் செய்த சீனத்து ஹீரோ 616-ஐ நம்மில் பலர் பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருப்போம். கோடும் மெல்லியது. மலிவான பேனா என்று ஒதுக்காமல், ஃபேன் காற்றில் வேலை செய்பவர்கள் ஒன்று வாங்கி வைக்கலாம். பிளாட்டினம் பிரெப்பி போன்ற பேனாக்களில் மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த உள்மூடி இருக்கிறது. மாதக்கணக்கில் எடுக்காமல் வைத்தாலும் மை காயாது.

முதல் பேனா எதுவாக இருந்தாலும், மையை உறிஞ்சும் கன்வெர்ட்டர் போடக்கூடியதாக இருக்கட்டும். லாமி சஃபாரி, பைலட் மெட்ரோபாலிட்டன் வகையில் ஏதாவது ஒன்று. ஆறு மாதம் எழுதினால் உங்கள் கை என்ன கேட்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம்தான் எபோனைட்.

எபோனைட் என்பது ரப்பரோடு கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய பொருள். அதில் கையால் கடைந்து பேனா செய்யும் மரபு தென்னிந்தியாவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. காந்திக்குச் சுதேசிப் பேனா செய்து கொடுத்த ராஜமுந்திரி ரத்னம் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஆனால் சென்னைக்காரர் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பாரிமுனை என்.எஸ்.சி. போஸ் சாலையில் 1920களில் தொடங்கிய ஜெம் அண்ட் கோ இருக்கிறது, அதன் சொந்தப் பேனா காமா. பக்கத்தில் திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் கடைசலில் உருவாகி உலகம் முழுக்கப் போகின்றன. கையில் பிடித்தால் எபோனைட் பிளாஸ்டிக் போல் வழுக்காது, வியர்த்த கைக்கு அது பெரிய ஆறுதல். நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கும் எபோனைட்டாக இருந்தால் மை சீராக இறங்கும்.

இந்தப் பேனாக்களில் பல, உடம்பு முழுக்க மையை ஊற்றிக்கொள்ளும் பழைய ரகம். மை பாதிக்குக் கீழே குறைந்தால் உள்ளே காற்று கூடும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும், தாளில் சொட்டு விழும். ஏ.சி. அறையிலிருந்து மே மாத வெயிலுக்கு வந்தாலும் இதே கதைதான். பாதி ஆனதும் நிரப்பிவிடுங்கள், சட்டைப் பையில் நிப்பு மேலே பார்க்க வையுங்கள். திருகும் மரையில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வாசலின் தடவச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள், பெட்ரோலியம் சேர்ந்தது ரப்பரைத் தின்றுவிடும்.

பால்பாயிண்ட் பேனாவை இளக்காரமாகப் பார்ப்பதும் எனக்குப் பிடிக்காது. ரெனால்ட்ஸ் 045-ஐ நம் நாட்டுக்குப் பழக்கிய ஜி.எம். பென்ஸ் சென்னை நிறுவனம்தான். எண்ணெய்ப் பசை போன்ற அந்த மை ஃபேனில் காயாது, கார்பன் நகலுக்கும் அதுதான் சரி. தவிர, கூரியர் கொண்டு வருபவர் 'சார், பேனா' என்று கையை நீட்டும்போது நீங்கள் எடுத்துக் கொடுக்க ஒன்று வேண்டுமே. நிப்பு பேனாவை யாரிடமும் கொடுக்காதீர்கள். மற்றவர் அழுத்தும் அழுத்தம் வேறு.

நான்காம் படி: பாரிமுனைக்கு ஒரு நடை

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் தாளைத் தடவிப் பார்க்காமலும் நிப்பைத் தாளில் வைக்காமலும் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மெட்ரோவில் உயர்நீதிமன்றம் அல்லது மண்ணடி நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம், வண்டி எடுத்துப் போனால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போகும். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். வேலை நாளில் காலை பதினொரு மணிவாக்கில் போங்கள். உங்கள் பேனாவையும் கூடவே கொண்டுபோய், வாங்கும் முன் ஒவ்வொரு தாளிலும் எழுதிப் பாருங்கள். அதேபோல் உங்கள் தாள் இரண்டை மடித்து எடுத்துப் போய் கடைப் பேனாவை அதில் சோதியுங்கள். கடைக்காரர் நீட்டும் தாள் எப்போதும் நல்ல தாளாகத்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: மேசையும் அறையும்

மேசையின் உயரம் தரையிலிருந்து சுமார் 75 செ.மீ. உட்கார்ந்தால் முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும், தோள் தூக்கக் கூடாது. மடிக்கணினி மேசைகள் பலவற்றில் எழுத இடம் இருக்காது. மடிக்கணினிக்குப் பக்கவாட்டில் ஒரு ஏ4 தாளைச் சாய்த்து வைத்து, முழங்கையும் மேசையில் படும்படி அகலம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இடமில்லாத இரண்டு படுக்கையறை வீடு என்றால் பரீட்சை அட்டையை மடியில் வைத்து எழுதுவது ஒன்றும் குறைவில்லை. கீழே சம்மணமிட்டு உட்கார முடிந்தவர்களுக்கு இன்னும் நல்லது கணக்குப்பிள்ளை மேசை, சாய்ந்த மூடியும் உள்ளே அறைகளும் கொண்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும். சாய்ந்த பலகையில் எழுதினால் கழுத்து குனிய வேண்டியதில்லை.

மேசையைப் போடும் இடத்தை ஃபேன் தீர்மானிக்கட்டும். ஃபேனுக்கு நேர் கீழே போடாதீர்கள். தாளும் பறக்கும், நிப்பும் காயும். கொஞ்சம் தள்ளிப் போட்டு, முதுகுப் பக்கமிருந்து மெதுவாகக் காற்று வரும்படி சுவர் ஃபேன் வைத்தால் இரண்டு பிரச்சினையும் தீரும். தாள் பறக்காமலிருக்க வெயிட் வாங்கவே வேண்டாம். வீட்டு அலமாரி வேலையில் மிஞ்சிய கடப்பாக்கல் துண்டு ஒன்றை ஓரம் தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கறுப்பாக, கனமாக, அழகாக இருக்கும்.

மேற்குப் பார்த்த ஜன்னல் சென்னையில் எதிரி. மதியம் இரண்டுக்கு மேல் அந்த அறையில் உட்கார முடியாது, அங்கே வைத்த எபோனைட் பேனாவும் வெயில் பட்டு நிறம் வெளிறும். வடக்கு அல்லது கிழக்கு ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், வாஸ்து பார்க்கும் மாமனாரும் சந்தோஷப்படுவார். மேற்குதான் கிடைத்தது என்றால் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டுத் தண்ணீர் தெளியுங்கள், ஆனால் தாள் அலமாரியை அந்தப் பக்கம் வைக்காதீர்கள்.

வலது கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும், இடது கைக்காரருக்கு வலப்பக்கமிருந்து. இல்லையென்றால் உங்கள் கை நிழலே எழுத்தின்மேல் விழும். மேசை மட்டத்தில் 500 லக்ஸ் வெளிச்சம் என்பது எழுத்து வேலைக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு. கூரை டியூப்லைட் மட்டும் போட்டால் அவ்வளவு கிடைப்பது அரிது. 4,000 கெல்வின் அளவில் ஒரு எல்.இ.டி. மேசை விளக்கு போதும். அதைவிட வெள்ளையாகப் போனால் மையின் நிறம் செத்துத் தெரியும்.

மேசைமேல் கண்ணாடி போட்டிருந்தால் தாளுக்கு அடியில் நான்கைந்து தாள் வையுங்கள். கடினமான பரப்பில் நிப்பு கீறும். உள்ளங்கைக்கு அடியிலும் ஒரு மையொற்றுத் தாள் வேண்டும். வியர்வையும் எண்ணெயும் படிந்த இடத்தில் மை பிடிக்காது, தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு உட்கார்ந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

அலங்காரம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சுவரில் ஒரு படம், ஒரு பத்தமடைப் பாய், அவ்வளவு போதும். பேனாக்களை வரிசையாகக் காட்சிக்கு வைப்பதைவிட, எழுதும் இரண்டை மட்டும் வெளியே வைத்து மற்றதை மூடிய பெட்டியில் வைப்பது இந்த ஊர் தூசிக்கு ஏற்றது. ஆடி மாதக் கூழ் ஊற்றும் ஒலிபெருக்கிக்கு மட்டும் எந்த மேசை அமைப்பிலும் வழி இல்லை.

ஆறாம் படி: சில்லறைச் சாமான்கள்

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்கு: கடல் காற்றில் குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை போடும். பாதுகாக்க வேண்டிய தாள்களுக்குப் பிளாஸ்டிக் பூசிய கிளிப், அல்லது நம் பழைய டேக் நூல். பென்சிலுக்கு நடராஜ், அப்சரா இரண்டில் எதுவும். பசைக் குப்பி, கத்தரி, ஒரு நல்ல ஸ்டீல் ஸ்கேல். இதற்கு மேல் வாங்குவதெல்லாம் ஆசைக்கு, தாராளமாக வாங்குங்கள், தேவை என்று மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள்.

ஏழாம் படி: பராமரிப்பு

மை மாற்றும்போதெல்லாம், மாற்றாவிட்டாலும் மாதம் ஒருமுறை, பேனாவைக் கழுவுங்கள். சாதாரணத் தண்ணீர்தான், சுடுநீர் கூடாது, எபோனைட் நிறம் மாறிவிடும். சானிடைசர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். போர் தண்ணீரில் கழுவினால் கடைசியாக ஒருமுறை கேன் தண்ணீரில் அலசுங்கள், இல்லையென்றால் உப்பு நிப்பின் பிளவில் படியும். கழுவிய பேனாவைத் துணியில் சுற்றி நிப்பு கீழே பார்க்க ஒரு டம்ளரில் இரவு முழுக்க நிறுத்தி வைத்தால் மிச்ச ஈரமும் இறங்கிவிடும்.

மழை மாதங்களில் நோட்டுப் பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். தோல் அட்டை நோட்டுகளை வாரம் ஒருமுறை வெளியே எடுத்துத் துடையுங்கள், பூஞ்சை முதலில் வருவது அங்கேதான். பூச்சிக்கு அந்துருண்டை போடலாம், ஆனால் பேனா இருக்கும் பெட்டியில் வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளை அதன் ஆவி கெடுக்கும்.

ஆயுத பூஜைக்குப் பேனாவை வைப்பவர்கள் முந்தின நாளே மையை எடுத்துக் கழுவிக் காய வைத்துவிடுங்கள். பூஜையில் வைத்த பேனாவால் அன்று எழுத மாட்டோம், மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுப்போம். மையோடு வைத்தால் அதற்குள் நிப்பில் காய்ந்துபோகலாம். சந்தனத்தை மூடியின் உச்சியில் மட்டும் ஒரு புள்ளியாக வையுங்கள். கிளிப்பின் இடுக்கிலும் மரையிலும் போன சந்தனத்தை எடுக்கப் பல்குச்சியோடு அரை நாள் உட்கார வேண்டியிருக்கும்.